ஒரே மூச்சில் சொல்ல வேண்டியது

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று லெகி, சந்தை கூடும் நாள். சந்தை வாசலில் வண்டிகளை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும்தான் என் ராஜ்ஜியம். கோழிக்கூண்டு ஏற்றிய வேன் ஒன்று, பின்னால் ஒரு கிழவி கீரைக்கட்டு வைத்திருப்பது தெரியாமல் ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்தது. விசிலை வாயில் வைத்து ஊதினேன். குருவிக்குஞ்சு சாகப்போகும் முன் "கீ" என்னுமே, அதுதான் வந்தது. ஓடிப்போய் வேனின் விலாவில் ஓங்கி அறைந்து நிறுத்தினேன்.

டிரைவர் தலையை நீட்டி, "என்ன பாக் பர்ஜியோ, விசிலுக்குப் பேட்டரி போச்சா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிக்கவும் மூச்சு வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கீரைக்காரக் கிழவி தன் முக்காலியை எனக்குத் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன். ராஜா முக்காலியில்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்த படமும் சுத்தமாம். நுரையீரல் சுத்தம், இதயம் சுத்தம், ரத்தம் சுத்தம். இவ்வளவு சுத்தமான மனுஷன் ஏன் நாலு எட்டு வைத்தால் கரையில் விழுந்த மீன் மாதிரி வாயைத் திறக்கிறான்? சுகாதார நிலையத்துச் சின்ன டாக்டர் நல்ல பையன். "மனசுல ஏதாவது கவலை இருக்கா, பாக்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "மூச்சு விட முடியலைங்கிற கவலைதான்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. என்னைத்தான் எழுதச் சொன்னார், எப்போது மூச்சு வாங்குகிறது, என்ன செய்யும்போது வாங்குகிறது என்று. எழுதுகிறேன். பத்தாவதுகூட எட்டாதவன் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

வைத்தியம் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. மெராப்பி எரிமலைச் சாம்பல் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். மலை புகைந்து மாசக்கணக்காகிறது. பக்கத்துக் கடைக்காரி யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறாள். வண்டி நிறுத்துகிறவனுக்குச் செய்வினை வைக்க எந்த மடையன் காசு செலவு செய்வான்?

என் மனைவி ருஸ்மினிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "காத்து புகுந்திருக்கு. நெஞ்சைத் திறந்து போட்டுக்கிட்டு வண்டி ஓட்டினா நுரையீரல்ல நீர் கோக்காம என்ன செய்யும்?" ஜெர்கினை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, ஜிப்பை முதுகுப்பக்கம் இழுத்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறாள். சாயங்காலம் எண்ணெய் தடவி நாணயத்தால் முதுகைச் சுரண்டுகிறாள். சிவப்புக் கோடு எவ்வளவு ஆழமாக வருகிறதோ அவ்வளவு காற்று உள்ளே இருந்ததாம். போன தடவை சட்டையைக் கழற்றியதும் சின்ன டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை இறக்கிவிட்டு முதுகுக் கோடுகளையே பார்த்தார். "புலி" என்றேன். சிரித்தார். ஆனால் புலிக்கும் மருந்து எழுதித் தரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எங்கள் நாட்டுக்குச் சுதந்திர தினம். தெருவில் சாக்கு ஓட்டப் பந்தயம், அப்பளம் கடிக்கும் போட்டி. வருஷா வருஷம் விசில் என்னுடையது. இந்த வருஷம் அண்ணன், மாஸ் தர்னோ, கேட்காமலே என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டார். "நீ உக்காரு ஜியோ." உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் நான் நன்றாக உட்காருகிறேன்.

பிற்பகலில் மாப்பிள்ளை பகாஸ் வீட்டார் வந்தார்கள். ரெத்னோவின் கல்யாணம் நவம்பர் ஒன்பது. பெரியவர்கள் பெண், மாப்பிள்ளை இரண்டு பேரின் பிறந்த நாளையும் கூட்டிக் கழித்து வைத்த தேதி. என் ஒரே மகள். பகாஸ் நல்ல பையன். தென்னைமரம் மாதிரி உயரம், வாலிபால் ஆடுகிறவன், நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "நிக்காஹ் வாக்கியம் யார் சொல்றது? ஜியோவால முடியாது. நிக்காஹ் நடத்துற பெங்ஹூலுகிட்ட ஒப்படைச்சிடலாம். அதுக்குத்தானே கவர்மெண்டு அவருக்குச் சம்பளம் குடுக்குது."

தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். மாப்பிள்ளை ஒரு வாக்கியத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதையும் ஒரே மூச்சில். தடுமாறினால் கூட்டம் "திரும்ப!" என்று கத்தும். என் மாமனார் ஒரே மூச்சில் சொன்னார், நான் ஒரே மூச்சில் ஏற்றேன், இன்றுவரை அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்கிறேன்.

"பாப்போம் மாஸ்" என்றேன். ரெத்னோ தட்டில் இருந்த ஒட்டரிசிப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரெத்னோ செகர் குசுமானிங்ரும். இந்தப் பெயரை வைத்தபோது எனக்கு மூச்சு இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

யாரும் வீட்டில் இல்லாதபோது குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். "பகாஸ் விக்னியோ ப்ராயித்னோ, என் மகள் ரெத்னோ செகர் குசுமானிங்ரும் அவளை, தொழுகை உடுப்பும் ஐந்து கிராம் தங்கமும் மணக்கொடை மஹராகக் கொண்டு, உனக்கு மணமுடித்துத் தந்தேன்."

எழுதும்போது எவ்வளவு சுலபமாகப் போகிறது பேனா.

வாயால் சொன்னபோது முதல் நாள் "செகர்" வரை போனேன். இன்று "குசுமா" வரை. அதற்கு மேல் கண் இருட்டித் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். பையனுடைய அப்பனும் என்னைப் போலத்தான், பெயரை முழம் போட்டு அளந்து வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 3, புதன்

சந்தை ஆபீஸில் விசிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். போன லெகி நாளன்று விசில் வராமல் போய் ஒரு ஸ்கூட்டர்காரி என்னால் விழுந்தாள். முட்டியில் சிராய்ப்புதான். "பரவாயில்ல பாக்" என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை.

மத்தியானம் படுத்திருந்தேன். ருஸ்மினி சமையல்கட்டில் தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எல்லாப் படத்துலயும் ஒண்ணுமில்லைன்னுதான் வருதுக்கா. சில சமயம் எனக்கே தோணுது… வேலைக்குப் போகப் பிடிக்கலையோன்னு."

கோபம் வரவில்லை. நானே என்னைப் பார்த்து அப்படி நினைத்ததுண்டு. நடிக்கிறேனோ? நடிப்பு என்றால் திரை விழும்போதாவது விட வேண்டுமே. இது தூங்கும்போதும் விடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன்.

காலோ கையோ போயிருந்தால் காட்டலாம். இதை எங்கே காட்டுவது?

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று எதற்கும் வாங்கவில்லை. எழுந்திருக்கவே இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி சீட்டு வாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். வாசல்வரை போனேன், அவ்வளவுதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உள்ளே முற்றத்தில் பாட்டு போட்டு ஊதா நிற உடுப்பில் ஒரு பெண்கள் கூட்டம் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. காலை உடற்பயிற்சி. அவர்களின் தலைவி, முடி நரைத்த குட்டையான அம்மாள், என்னைப் பார்த்துவிட்டாள்.

"யாரு அது? கேட்டு விழுந்துடும்னு தாங்கிப் புடிச்சிருக்கீங்களா, பாக்?"

"அதுதான் என்னைத் தாங்குது, இபு."

பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். மற்றவர்கள் மாதிரி முதுகைத் தடவவில்லை, தண்ணீர் கொண்டுவா என்று கத்தவில்லை. "முட்டியில கையை ஊனுங்க. குனியுங்க. இழுக்காதீங்க, இழுக்க இழுக்க அது வராது. சூடான காப்பியை ஊதுற மாதிரி வெளியே விடுங்க. மெதுவா. உள்ள இடம் காலியானா அதுவா வரும்."

ஊதினேன். இல்லாத காப்பி ஆறிப்போகிற வரைக்கும் ஊதினேன். பக்கத்தில் அவளும் குனிந்து ஊதினாள். அப்போதுதான் கவனித்தேன், அவளுக்கும் வாங்குகிறது. பாட்டு நின்ற இடத்திலிருந்து கேட்டுக்கு நடந்ததற்கே.

"உங்களுக்கு என்ன வியாதி, இபு?"

"பேரு வைக்கலை. எத்தனையோ படம் எடுத்தாங்க. எல்லாம் சுத்தம்னாங்க. அவ்வளவு சுத்தமா நான் வீட்டைக்கூட வச்சுக்கிட்டதில்ல."

என் ஜோக். நான் சொல்லும் முன்பே, அதே ஜோக்கைச் சொல்லிவிட்டாள். நான் அழுதேன் என்று இங்கே எழுதத்தான் வேண்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டு, முன்பின்னாக மாட்டிய ஜெர்கினோடு, ஊதா உடுப்புப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க.

அவள் பெயர் குஸ்வாத்தி, எல்லோருக்கும் மரியாதையாக இபு குஸ்வாத்தி. செவ்வாயும் வெள்ளியும் வரச் சொன்னாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

போனேன். ஆண் நான் ஒருத்தன்தான். மூச்சு வாங்குகிறவர்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும், சிலர் முடிந்ததும் வரும் சோயாத் தெம்பே வறுவலுக்கும்.

"சேவல் ஒண்ணு வந்திருக்குடி!"

"கூவுமா?"

"எங்க கூவுறது, அதான் மூச்சு இல்லையாமே."

"அப்ப குழம்புக்குத்தான்."

கையைத் தலைக்கு மேல் தூக்கியதும் எனக்குக் கண் சுற்றியது. நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே ஆட்டச் சொன்னார்கள். பாதியில் விட்டேன். குணம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே யாரும் "மனசுல கவலையா" என்று கேட்கவில்லை. வறுவல் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

விழாக்குழுக் கூட்டம். யார் பந்தல், யார் மைக், யார் வாகனம் நிறுத்துவது (அதுவும் வேறு ஆள்). அண்ணன் படித்துக்கொண்டே வந்தார்: "நிக்காஹ் வாக்கியம், தகப்பனார் சார்பில் பெங்ஹூலு பாக் முஹாதி." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சரி" என்றேன். ஒரு சொல். அதற்கு மூச்சு போதுமாக இருந்தது.

பிறகு ரெத்னோ தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கோவமா?"

"இல்ல பாக்."

"பெங்ஹூலு நல்லாச் சொல்வார். ரேடியோ குரல்."

அவள் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "ரேடியோவா என்னைப் பெத்துச்சு? உங்க வாயால கேக்கணும்னு இருக்கு. நடுவுல தண்ணி குடிங்க, உக்காருங்க, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒரே மூச்சுல சொல்லணும்மா. என்கிட்ட இருக்கிறது அரை மூச்சு."

அவள் குழாயை மட்டும் இறுக்கி மூடினாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

வறுவல் வேளையில் வாய் தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. இபு குஸ்வாத்தி மாப்பிள்ளை. எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். இரண்டு பேர் சாட்சி. "சொல்லுங்க!"

சொன்னேன். "குசுமா"வில் நின்றேன்.

"இந்தப் பேரை எவன் வச்சான்?"

"நான்தான்."

"அனுபவிங்க. சரி, பகாஸ் பேர் முடிஞ்சதும் நிறுத்துங்க. ஊதுங்க. மகள் பேர் முடிஞ்சதும் நிறுத்துங்க, ஊதுங்க. மஹருக்கு அப்புறம் இன்னொண்ணு. நாலு துண்டா வெட்டிட்டா எந்த மரத்தையும் தூக்கிடலாம்."

"அப்படிச் செய்யக் கூடாது இபு. ஒரே மூச்சுதான் செல்லும்."

"யாரு சொன்னா?"

யோசித்தேன். எல்லோரும்தான் சொன்னார்கள். யார் என்று கேட்டால் ஒரு முகமும் வரவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள். அதற்குள் நான் மகளை அவளுக்கே பல தடவை கட்டிக் கொடுத்தாயிற்று.

அக்டோபர் 10, வெள்ளி

பெங்ஹூலு பாக் முஹாதி நான் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூச்சை எண்ணணும்னு எந்தக் கிதாபுலயும் இல்ல, பாக். சொல்ல ஆரம்பிச்சுட்டு நடுவுல எந்திரிச்சு சாப்பிடப் போயிடாதீங்க, அது போதும்."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கும் அப்படித்தான். நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். ஜனங்க கேக்கணுமே? ஒரே மூச்சுல சொன்னாத்தான் ஆம்பளைன்னு வச்சிருக்காங்க."

இத்தனை வருஷம் மாமனாரையும் என்னையும் பற்றி அடித்த பெருமை இப்படிப் போயிற்று.

அண்ணனிடம் சொன்னேன். "சட்டம் சரிடா. சபை? நீ நிக்க நிக்க ஜனங்க சிரிப்பாங்க. பொண்ணுக்குத்தான் அவமானம்." அதுவும் உண்மைதான். பகாஸ் வாலிபால் ஆடும்போதுகூடத் தன் வாக்கியத்தைச் சொல்லிப் பழகுகிறானாம். ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்லிவிடுகிறான் என்று ரெத்னோ பெருமைப்பட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள்.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று அவசரப் பிரிவு. குழாய் மூக்கில். பகாஸ்தான் காரோட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனான், படியில் தூக்கிக்கொண்டு ஏறினான். மாமனாரைச் சுமக்கும் மாப்பிள்ளை. கல்யாணச் சடங்கில் நான்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மடியில் உட்கார்த்தி, இரண்டு எடையும் சமம் என்று சொல்ல வேண்டும். எல்லாம் தலைகீழ்.

படம் எடுத்தார்கள். சுத்தம்.

என்னால் முடியாது. இதை இனிமேல் வேடிக்கையாக எழுத வரவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்து ஒருநாள் நின்றுவிடும், என்னவென்று தெரியாமலே புதைப்பார்கள். போதும்ப்பா. பெங்ஹூலுவே சொல்லட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

இபு குஸ்வாத்தி வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அவளுக்கே வாங்கியது. நான் கட்டிலில், அவள் நாற்காலியில், இரண்டு பேரும் ஊதிக்கொண்டிருந்தோம். ருஸ்மினி காப்பியோடு வந்து எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது சரியாயிடுமா, இபு?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லமாட்டேன். என்னை விட்டுப் போகலை. உங்களை விட்டும் போகாதுன்னுதான் நெனைக்கிறேன்." அப்புறம் கொஞ்ச நேரம் ஊதினாள். "ஆனா தனியா வாங்குறது வேற, பக்கத்துல ஒரு ஆளோட வாங்குறது வேற. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நவம்பர் 1, சனி

மடிச் சடங்கு ரத்து. தராசு ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 8, சனி

வீடெல்லாம் தென்னங்குருத்துத் தோரணம். ருஸ்மினி அத்தனை வேலைக்கு நடுவே என்னை உட்காரவைத்து முதுகைச் சுரண்டினாள். எப்போதையும்விட மெதுவாக.

"அன்னிக்கு அக்காகிட்ட நான் சொன்னது… உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

நாணயம் நின்றது. பிறகு நாணயம் இல்லாமல், வெறும் கை முதுகில் இருந்தது.

"நாளைக்கு நீங்களே சொல்லுங்க" என்றாள். "யார் சிரிச்சாலும் நான் பாத்துக்கிறேன்."

முடியுமா? தெரியவில்லை. இப்போதே வாங்குகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

உட்கார்ந்ததும் பெங்ஹூலுவிடம், "நானே சொல்றேன்" என்றேன். அண்ணன் முகம் போன போக்கை எழுத மூச்சு போதாது.

சின்ன மேசை. எதிரே பகாஸ். என் கையை அவன் பிடித்திருந்தான், அவன் கைதான் சூடாக இருந்தது. "பகாஸ் விக்னியோ ப்ராயித்னோ" – நின்றேன். ஊதினேன். பின்னால் ஒருவன் லேசாகச் சிரித்தான். உடனே நின்றது, ருஸ்மினி திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "என் மகள் ரெத்னோ செகர்" – குசுமா வரவில்லை. திட்டத்தில் இல்லாத இடம். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு என் பக்கம் சாய்வது தெரிந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். காப்பி ஊதுகிற சத்தம். ஒருத்தி அல்ல, ஒரு வரிசை. நானும் கூட ஊதினேன். உள்ளே இடம் காலியானது. "குசுமானிங்ரும் அவளை" வந்தது. நின்று ஊதினேன். மஹர் வந்தது. நின்றேன். "உனக்கு மணமுடித்துத் தந்தேன்" வந்தது.

இப்போது பகாஸின் முறை. கூட்டம் கழுத்தை நீட்டியது. அவன் நண்பர்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள். "ரெத்னோ" என்று தொடங்கினான், "செகர்" என்றான், நின்றான். மூச்சு எடுத்தான். "குசுமானிங்ரும் அவளை" – நின்றான். மஹர் சொல்லி மறுபடி நின்றான். "ஏற்றுக்கொண்டேன்."

சலசலப்பு. யாரோ "திரும்ப!" என்றார்கள். பாக் முஹாதி சாட்சிகளைப் பார்த்து, "செல்லுமா?" என்று கேட்டார்.

"செல்லும்!" என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த "செல்லும்"தான் பெரிது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

எதுவும் மாறவில்லை. காலையில் சட்டைப் பித்தான் போடும்போதே வாங்கியது. நேற்று முன்தினம் நாள் முழுக்கப் படுக்கை. எனக்கும் ஊதா உடுப்பு தைத்து வந்துவிட்டது, தோளில் பெரிது, வயிற்றில் சிறிது.

சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். பகாஸும் கூட வந்தான், அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. டீக்கடையில் அவன் வாலிபால் நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "மூணு தடவை மூச்சு வாங்கின மாப்பிள்ளை போறாரு பாரு! ராத்திரிக்கு ஆக்சிஜன் வேணுமா மாஸ்?" இன்னும் பல வருஷம் இது போகாது, இந்த ஊர் எனக்குத் தெரியும். அவன் கையை ஆட்டிச் சிரித்துவிட்டு வந்தான்.

"அன்னிக்கு ஏன்டா நிறுத்தினே?" என்று கேட்டேன்.

"நிறுத்தணும் இல்லையா, பாக்?" என்றான். "நீங்க நிறுத்தின இடத்துல நிறுத்தினேன். அதுதான் முறைன்னு நெனச்சேன்."

ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்கிறவன்.

பாலத்துக்கு முன்னால் ஏற்றம். பாதியில் நின்றேன், முட்டியில் கையை ஊன்றினேன். அவன் இரண்டு எட்டு முன்னால் போய்விட்டான். திரும்பி வரவில்லை, என்னாச்சு என்று கேட்கவில்லை. அங்கேயே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினான். வாரில் ஒன்றும் இல்லை. நான் ஊதி முடிக்கும்வரை சரிசெய்துகொண்டிருந்தான்.